கையுறையில் இருந்த எட்டிதழ் ரோஜா: நார்வே வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் நவீன குவில்ட் - நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வசிக்கும் ஒரு குடும்பம், மகளின் கல்யாணத்துக்காக ஒரு குவில்ட் தைத்தது. மேலே சிறுசிறு துணிகளை இணைத்த பரப்பு, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்: இதுதான் குவில்ட். பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தையைக் கிடத்துவோமே, அந்த விரிப்புக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தைத்தவர் அறுபது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற செவிலியர். அவர் வந்துபோகும் தையல் குழுவில் நானும் இருக்கிறேன். வடிவம் போடும்போதும் துணியைச் சோதிக்கும்போதும் உடன் இருந்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களை வைத்துப் புதிதாக ஒன்று தைக்க நினைப்பவர்களுக்கு உதவலாம்.

பின்னணி

தைத்த அம்மாவின் கொள்ளுப்பாட்டி 1880களில் நார்வேயின் செல்பூ பகுதியிலிருந்து கப்பலேறி வந்தவர். செல்பூ, ட்ரொண்ட்ஹெய்ம் நகருக்குத் தென்கிழக்கே இருக்கிறது. 1825-ல் ஸ்டவாங்கரிலிருந்து புறப்பட்ட ரெஸ்டாரேஷன் என்ற சின்னக் கப்பலில் தொடங்கிய குடிபெயர்வு, அடுத்த நூறு ஆண்டுகளில் சுமார் 8 லட்சம் நார்வேக்காரர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அவர்களில் பெரும்பகுதி மின்னசோட்டா, விஸ்கான்சின், அயோவா, டகோட்டா பக்கம்தான் நிலம் தேடிப் போனார்கள். அதனால் இந்தப் பகுதியில் ‘எங்கள் பாட்டி நார்வேயிலிருந்து கொண்டுவந்தது’ என்ற பேச்சோடு ஏதாவது ஒரு பொருள் இல்லாத வீடு குறைவு.

2022-ன் இலையுதிர் காலத்தில் மகள் நிச்சயதார்த்தச் செய்தியைச் சொன்னார். கல்யாணம் அடுத்த கோடையில். அம்மா அன்றே குவில்ட் தைப்பதென்று முடிவு செய்துவிட்டார். அவர் மனதில் இருந்தது சிவப்பும் வெள்ளையும், ஓரத்தில் கொடிச் சுருள்கள், நான்கு மூலையிலும் இதயம். மகளுடையது மினியாபொலிஸில் வெள்ளைச் சுவர், வெளிர் மர நாற்காலி என்று இருக்கும் சின்ன வீடு. அவருக்கு வேண்டியது ‘ஸ்காண்டிநேவியன் மாதிரி’ ஒன்று. அம்மா சொன்ன ஸ்காண்டிநேவியாவும் மகள் சொன்ன ஸ்காண்டிநேவியாவும் வேறு வேறு என்பது அப்போது இருவருக்கும் தெரியவில்லை.

பெட்டியில் இருந்தவை

அம்மாவின் அண்ணன், எழுபதுகளில் இருப்பவர், பண்ணை வீட்டின் பரணிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இருந்தவை: ஒரு ஜோடி கம்பளிக் கையுறை, குறுக்குத் தையலில் முதலெழுத்துகள் போட்ட இரண்டு லினன் துண்டுகள், ஒரு பழைய குவில்ட், அந்தக் குவில்டுக்கென்று வெட்டித் தைக்காமல் விட்ட துணித் துணுக்குகள் ஒரு கட்டு.

கையுறைகள் பூச்சி அரித்தவை. கட்டைவிரல் பக்கம் ஓட்டை. ஆனால் புறங்கையில் இருந்த எட்டிதழ் ரோஜா முழுசாக இருந்தது. செல்பூ ரோஜா என்று உலகம் முழுக்க அறியப்பட்ட வடிவம் அது. 1857-ல் மாரிட் எம்ஸ்டாட் என்ற பதின்வயதுப் பெண் இரண்டு நிறக் கம்பளியில் இந்த ரோஜாவைக் கையுறையில் பின்னியதுதான் செல்பூ பின்னலின் தொடக்கம் என்று ஊரார் கொண்டாடுகிறார்கள். வடிவம் அதைவிட மிகப் பழையது. எட்டு முனை நட்சத்திரம் ஐரோப்பா, மேற்கு ஆசியா முழுக்க நெசவிலும் பின்னலிலும் உண்டு. செல்பூ அதைக் கையுறைக்குக் கொண்டுவந்து தன்னுடையதாக்கிக்கொண்டது, அவ்வளவுதான். இன்று அந்த ஊராட்சியின் சின்னத்திலேயே அந்த ரோஜா இருக்கிறது.

முதல் முடிவு வடிவத்தைப் பற்றியதே அல்ல. கையுறையில் அந்துப்பூச்சியின் முட்டை இருந்தால் வீட்டிலுள்ள மற்றக் கம்பளிக்கும் பரவிவிடும். கையுறைகளைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்குளிர் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தோம். அருங்காட்சியகங்களும் இதே வழியைத்தான் கையாள்கின்றன. அதற்குப் பிறகுதான் வரைபடத் தாளை எடுத்தோம்.

லினன் துண்டுகளை வெட்டி மேல் துணியில் சேர்க்கலாம் என்பது அம்மாவின் யோசனை. கையுறையிலிருந்து ரோஜாவை மட்டும் வெட்டி நடுவில் பதிக்கலாம் என்றுகூடச் சொன்னார். இரண்டுமே வேண்டாம் என்று முடிவானது. கட்டிலில் போடப்போகிற போர்வை, துவைத்தாக வேண்டும். கம்பளி வெந்நீரிலும் அலசலிலும் சுருங்கி இறுகும். லினன் ஒரு மாதிரி சுருங்கும், காட்டன் வேறு மாதிரி. மூன்றையும் ஒரே பரப்பில் தைத்தால் முதல் துவைப்பிலேயே மேல் துணி குண்டும் குழியுமாகிவிடும். இன்னொன்று, வெட்டிய பிறகு அது கையுறையும் இல்லை, லினன் துண்டும் இல்லை.

பழைய குவில்டைப் பார்த்தபோது

குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது: அந்தக் குவில்ட் கொள்ளுப்பாட்டியோடு கப்பலில் வந்தது. புதிய குவில்டின் அடிப்படையே அதுதான் என்று அம்மா நினைத்திருந்தார்.

மேசையில் விரித்து, மேல் வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்துப் பார்த்தோம். துணிகள் எல்லாம் சின்னப் பூப்போட்ட பிரிண்ட் காட்டன். தைக்காமல் விட்ட துணுக்குகள் சிலவற்றின் ஓரத்தில், சம இடைவெளியில் ஊசித் துளைகள் ஒரே வரிசையாக ஓடின. கையால் தைத்த துளைகள் அவ்வளவு ஒழுங்காக வராது. அளவும் சற்றுப் பெரியது. தீவன மூட்டைகளின் வாயை மெஷினில் சங்கிலித் தையல் போட்டு மூடுவார்கள். நூலின் ஒரு முனையைச் சரியாகப் பிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் உருவிக்கொண்டு வரும், துணி சேதமாகாது. ஆனால் துளைகள் தங்கிவிடும். அந்தத் துளைகள்தான் இவை.

1930களில் அமெரிக்காவில் மாவு, கோழித் தீவனம் விற்ற கம்பெனிகள் மூட்டைக்குப் பூப்போட்ட காட்டன் துணியைப் பயன்படுத்தின. பண்ணைப் பெண்கள் அதைச் சட்டைக்கும் கவுனுக்கும் குவில்டுக்கும் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே செய்த வியாபாரம். 100 பவுண்டு மூட்டையைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்கும் சற்று மேல் துணி கிடைக்கும். குவில்டில் திரும்பத் திரும்ப வந்த வெளிர் பச்சையும் அந்தக் காலத்தின் நிறம்தான். ஆக, இது கப்பலில் வந்ததல்ல. கொள்ளுப்பாட்டியின் மகள், அதாவது தைத்த அம்மாவின் பாட்டி, மின்னசோட்டாப் பண்ணையில் தைத்தது.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. நார்வேக் கிராமங்களில் படுக்கைக்குப் போட்டது ஒட்டுத்துணிக் குவில்ட் அல்ல. மேற்குக் கரையில் தறியில் நெய்த கம்பளி விரிப்பு, அதற்குப் பெயர் ஓக்லே. அல்லது ஷின்ஃபெல் என்ற செம்மறித் தோல் போர்வை: ரோமம் உடம்புப் பக்கம், வெளியே தெரியும் தோலில் மர அச்சால் பதித்த கோலங்கள். கம்பளியும் தோலும் வீட்டிலேயே கிடைக்கும் இடத்தில் காட்டன் துணுக்குகளைச் சேர்த்துத் தைக்க என்ன தேவை? வந்தேறிய பெண்கள் குவில்ட் தைக்கக் கற்றுக்கொண்டது இங்கே, பக்கத்து வீட்டுக்காரர்களிடம், சர்ச்சில் நடந்த தையல் கூட்டங்களில்.

இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. கப்பல் கதையை ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். அம்மா நேரே போய்த் துளைகளைக் காட்டினார். அண்ணன் ‘உன் குழுவில் யாரோ கிளப்பிவிட்டது’ என்று சொல்லிப் பேச்சை நிறுத்திவிட்டார். சில வாரம் போனது. அம்மா வாதம் செய்யவில்லை. ஒரு துணுக்கை மட்டும் அவர் வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

பிறகு அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். சின்ன வயதில் அப்பாவோடு தீவனக் கடைக்குப் போனதும், பாட்டி கொடுத்தனுப்பிய துணித் துண்டோடு ஒத்துப்போகும் மூட்டை அடுக்கின் அடியில் இருந்ததால் கடைக்காரர் முனகிக்கொண்டே மேலே இருந்தவற்றை இறக்கியதும் அவருக்கு நினைவு வந்திருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கும் தெரியாத கதை அது. அம்மா அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், இந்த வேலையில் கிடைத்த பெரிய சொத்து அந்தப் பதிவுதான், குவில்ட் அப்புறம்.

முதல் வரைபடம் ஏன் நின்றுபோனது

அம்மாவின் முதல் வரைபடம் சிவப்பு-வெள்ளையில் வரிசை வரிசையாகச் சின்ன நட்சத்திரங்கள், சுற்றி ரோஸ்மாலிங் கொடி. மகள் பார்த்த உடனே சொன்னது: “அம்மா, கிறிஸ்துமஸ் மரத்துக்கு அடியில் சுற்றிப் போடுகிற துணி மாதிரி இருக்கு.” அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் சொன்னது சரி. சிவப்பில் எட்டு முனை நட்சத்திரம் போட்டால் அமெரிக்கக் கண்ணுக்கு டிசம்பர் மாதம்தான் தெரியும்.

ரோஸ்மாலிங் என்பது மரப் பெட்டிகளிலும் சுவர்களிலும் தீட்டும் கொடிச் சுருள் ஓவியம். நார்வேயில் 18-ம் நூற்றாண்டில் செழித்தது. டெலிமார்க் பகுதியும் ஹாலிங்டால் பள்ளத்தாக்கும் பேர்போனவை. செல்பூவோடு அதற்குத் தனி உறவு கிடையாது. அம்மாவின் சமையலறையில் தொங்கும் ரோஸ்மாலிங் தட்டின் பாணி இன்னும் பக்கத்தில் பிறந்தது: விஸ்கான்சினின் ஸ்டௌட்டனில் பேர் லூஸ்னே என்ற ஓவியர் 1930களில் இந்தக் கலைக்கு அமெரிக்காவில் மறுவாழ்வு கொடுத்தார்.

மகள் சொன்ன ‘ஸ்காண்டிநேவியன்’ வேறொரு வழியில் வந்தது. 1954 முதல் 1957 வரை ‘ஸ்காண்டிநேவிய வடிவமைப்பு’ என்ற பெரிய கண்காட்சி அமெரிக்கா, கனடா நகரங்களைச் சுற்றியது. நாற்காலி, கண்ணாடி, பீங்கான், துணி எல்லாம் வந்தன. வெளிர் மரம், வீண் அலங்காரம் இல்லாத கோடு, வெற்றிடம் என்று இன்று நாம் நினைக்கும் படிமம் அமெரிக்க வீடுகளில் நிலைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நவீன குவில்ட் இயக்கத்துக்கும் இந்த ரசனை ஒத்துப்போகும். 2009-ல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கிய மாடர்ன் குவில்ட் கில்ட் என்ற அமைப்பு வளர்த்த பாணியும் அடர்ந்த ஒற்றை நிறத் துணிகள், பெரிய வெற்றுப் பரப்பு, நடுவில் இல்லாமல் தள்ளி வைத்த வடிவம் என்றுதான் போகிறது.

ஆக, அம்மாவுக்குக் கிராமத்துக் கைவேலை, மகளுக்கு நூற்றாண்டு நடுவின் வடிவமைப்பு. இருவரையும் உட்காரவைத்துச் சமரசம் பேசுவதைவிடக் கையுறையையே இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கையுறையில் சிவப்பே இல்லை. கருப்பு ஆட்டின் கம்பளி, வெள்ளை ஆட்டின் கம்பளி, அவ்வளவே. சுருள் இல்லை, இதயம் இல்லை. நேர்கோடும் மூலைவிட்டமும் மட்டும். மகள் கேட்ட எளிமை கொள்ளுப்பாட்டியின் கையில் ஏற்கெனவே இருந்தது. பேச்சு அத்தோடு முடிந்தது: கருப்பு, வெள்ளை, ஒரே ஒரு ரோஜா.

வடிவம்

ஒரே ரோஜாவைப் பெரிதாக்கி, வலது ஓரத்தில் வெட்டுப்படும்படி வைப்பது என்று முடிவு. மீதிப் பரப்பு வெற்றாக இருக்கும். போர்வை 72 அங்குல அகலம், 84 அங்குல நீளம்.

கையுறையிலிருந்து வரைபடத்துக்குக் கொண்டுவருவதில் முதல் சிக்கல் பின்னலின் கண்ணி. ஒரு கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது. அதனால் கண்ணிக்கு ஒரு சதுரம் என்று எண்ணி வரைந்தபோது, கையுறையில் சற்றுத் தட்டையாக இருந்த ரோஜா தாளில் நெட்டையாக நீண்டது. அளவை அப்படியே காப்பதா, வடிவத்தின் ஒழுங்கைக் காப்பதா? எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் அமரும் சமச்சீர் நட்சத்திரமாக மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு கட்டமும் தைத்த பின் 6 அங்குலம்.

இரண்டாவது சிக்கல் பெரியது. ஒவ்வோர் இதழும் ஓர் இணைகரம். கையுறையில் இதழுக்கும் இதழுக்கும் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கண்ணி ஓடுகிறது. அந்த மெல்லிய கோடு இருப்பதால்தான் எட்டு இதழ் தெரிகிறது. கோட்டை விட்டுவிட்டு ஒரே கருப்பில் காகிதத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தபோது எட்டு இதழும் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் ஒரு பெரிய கருப்புத் திட்டாக நின்றது. ரோஜா காணாமல் போயிற்று.

குறுக்கும் நெடுக்குமான கோடுகளுக்கு 1 அங்குல வெள்ளைப் பட்டி கொடுப்பது எளிது. நான்கு கால்பகுதிகளைச் சேர்க்கும் இடத்தில் வைத்துத் தைத்துவிடலாம். மூலைவிட்டக் கோட்டுக்கு அதே மாதிரி மெல்லிய பட்டி வைத்தால் இரண்டு பக்கமும் கிராஸ் துணி (இழைக்குச் சாய்வாக வெட்டியது), இழுபடும். அதனால் அங்கே பட்டி வைக்காமல் நிறத்தை மாற்றினோம். ஒவ்வொரு கால்பகுதியிலும் ஓர் இதழ் கரிநிறம், அடுத்தது இடைச் சாம்பல். கையுறையிலிருந்து விலகல்தான். கால்பகுதிகளைப் பிரிப்பது பட்டி, அவற்றுக்குள் இதழ்களைப் பிரிப்பது நிறம் என்ற இந்தக் கலப்பு தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்தவில்லை.

மூன்றாவது நிறம் தேவையா என்று கொஞ்ச நாள் இழுபறி. மகள் வேண்டாம் என்றார். அம்மா தீவன மூட்டைத் துணுக்குகளில் இருந்த அந்த வெளிர் பச்சையைச் சேர்க்க விரும்பினார். குடும்பத்தின் வரலாறு செல்பூவில் மட்டும் இல்லை, மின்னசோட்டாப் பண்ணையிலும் இருக்கிறது என்பது அவர் வாதம். மகள் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு துணுக்கு. இடது மேல் பகுதியின் வெற்றுப் பரப்பில் 3 அங்குலச் சதுரமாக அது உட்கார்ந்தது. அடியில் மெல்லிய ஒட்டுத்துணி வைத்து வலுவாக்கினோம்.

துணியும் சாயமும்

கருப்பும் வெள்ளையும் அக்கம்பக்கம் இருந்தால் சாயம்தான் முதல் கவலை. ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைக் காட்டனில் வைத்து இஸ்திரி போட்டோம். முதலில் வாங்கிய அடர் கருப்பு, வெள்ளையில் நீலச் சாம்பலாக இறங்கியது. இரண்டு அலசலுக்குப் பிறகும் நிற்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டோம். மாற்றாக எடுத்த கரிநிறத் துணி முதல் அலசலிலேயே நின்றது; பகல் வெளிச்சத்தில் கையுறைக்குப் பக்கத்தில் வைத்தபோது அதுதான் ஆட்டுக் கம்பளியின் கருப்போடு ஒத்தும்போனது. இயற்கைக் கருப்பில் எப்போதும் கொஞ்சம் பழுப்பு ஓடும். வெள்ளைக்கும் பளிச் வெள்ளையைத் தவிர்த்துப் பால் நிறம் எடுத்தோம்.

பஞ்சைத் தேர்வு செய்வதில் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. வெள்ளைப் பஞ்சின் இழைகள் காலப்போக்கில் கருந்துணியின் நெசவு வழியே வெளியே எட்டிப் பார்க்கும். கருப்புப் பஞ்சு போட்டாலோ பால் நிறத் துணி மங்கும். பரப்பில் பெரும்பகுதி வெள்ளை என்பதால் வெள்ளைக் காட்டன் பஞ்சு.

தைத்தல்

இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சதுரம்தான் இந்த நட்சத்திரத்தின் அடிப்படை. முழு நட்சத்திரத்துக்கு 24 வேண்டும்: கரிநிறம்-பால் 8, சாம்பல்-பால் 8, கரிநிறம்-சாம்பல் 8.

அம்மா முதலில் எடுத்தது அவருக்குப் பழகிய வழி. இரண்டு சதுரங்களை நேருக்கு நேர் வைத்து நான்கு ஓரமும் தைத்து, மூலைக்கு மூலை வெட்டினால் நான்கு கிடைக்கும். வேகமான வழி. ஆனால் அப்படிக் கிடைக்கும் சதுரத்தின் நான்கு வெளி ஓரமும் கிராஸில் விழும். 6 அங்குலம் என்பதால் இழுபடவும் நிறைய இடம். இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்த இடத்தில் ஒரு ஓரம் கால் அங்குலம் வளர்ந்தது. நான்கு துண்டுகளை இணைத்துத் தரையில் போட்டபோது நடுப்பகுதி படியாமல் எழும்பி நின்றது. பிரித்துப் போடுவதைத் தவிர வழி இல்லை.

பிறகு எட்டாக வெட்டும் முறைக்கு மாறினார். 14 அங்குலச் சதுரங்கள் இரண்டை நேருக்கு நேர் வைத்து, இரண்டு மூலைவிட்டமும் வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறம் கால் அங்குலம் தள்ளித் தைத்து, நெடுக்கும் குறுக்கும் மூலைவிட்டமுமாக வெட்டினால் எட்டுக் கிடைக்கும். கிராஸ் தையலுக்குள் அடங்கிவிடும், வெளி ஓரம் நேர் இழை. கணக்குப்படி 13¾ அங்குலம் போதும். கூடுதல் கால் அங்குலம் ஓரத்தைச் சீராக்கி 6½-க்குக் கொண்டுவர. ஒவ்வொரு நிறச் சேர்க்கைக்கும் சரியாக ஒரு ஜோடிச் சதுரமே போதுமானதாக இருந்தது. வலப்பக்கம் இரண்டு கட்ட வரிசை வெட்டுப்பட்டதால் மிஞ்சிய சதுரங்கள் நூல் சோதனைக்கு உதவின.

தையல் விளிம்புகளைக் கருந்துணிப் பக்கம் மடித்துத் தேய்த்தார். இல்லாவிட்டால் பால் நிறத்துக்கு அடியில் கருப்பு நிழல் தெரியும். பல விளிம்புகள் சந்திக்கும் மையத்தில் மட்டும் விரித்துத் தேய்த்தார்.

மூன்று அடுக்கையும் சேர்க்கும் தையலுக்கு முதலில் ரோஸ்மாலிங் சுருள்தான் யோசனையில் இருந்தது. இதற்கு நடுவில் குடும்பமாக அயோவாவின் டெகோராவில் உள்ள வெஸ்டர்ஹெய்ம் நார்வே-அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தார்கள். அங்கே ஓக்லே விரிப்புகளை அருகில் நின்று பார்த்த பிறகு அம்மா மனம் மாறினார். கட்டம் கட்டமாக நெய்த அந்த விரிப்புகளில் ஊடை நூல் கிடைமட்டமாக வரிவரியாக அடுக்கி நிற்கும். கல்யாணத்துக்கும் விரிப்பார்கள், சவப்பெட்டியின் மேலும் போர்த்துவார்கள். அந்த ஊடையைப் போல 1 அங்குல இடைவெளியில் நேர்வரிகள் மட்டும் போடுவது என்று முடிவு. எல்லா வரியையும் ஒரே திசையில் தைத்தால் மேல் துணி ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் நடுவிலிருந்து தொடங்கி, ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். பச்சைச் சதுரத்தை மட்டும் மெஷின் தொடவில்லை. அண்ணன் உட்பட வீட்டில் நான்கு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் தடித்த பச்சை நூலால் ஓட்டுத் தையல் போட்டார்கள். அண்ணன் போட்ட பக்கம் எது என்று கேட்கவே வேண்டாம், அவ்வளவு கோணல்.

பின்பக்கத் துணித் துண்டு

குவில்டின் பின்னால் யார், எப்போது, எதற்காகத் தைத்தது என்று எழுதி ஒரு துண்டைத் தைப்பது வழக்கம். ‘நார்வே குவில்ட்’ என்று எழுத அம்மாவுக்கு ஆசை. கடைசியில் இப்படி எழுதினார்கள்: ரோஜா செல்பூவிலிருந்து வந்த கொள்ளுப்பாட்டியின் கையுறையைப் பார்த்து, பச்சைத் துணி பாட்டியின் தீவன மூட்டை, தையல் மின்னசோட்டா, 2023. கையுறையைப் பின்னியது யார், எந்த ஊரில் என்பதற்கு ஆதாரம் இல்லாததால் ‘கொள்ளுப்பாட்டியின் கையுறை’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நூறு வருடம் கழித்து யாராவது பக்கவாட்டு விளக்கில் வைத்துப் பார்ப்பார்களே.

பிறகு நடந்தது

குவில்ட் கல்யாணத்துக்கு முந்தின வாரம் முடிந்தது. மகளுக்குப் பிடித்திருந்தது, கட்டிலில் தினமும் போடுகிறார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, பல துவைப்பு கண்ட நிலையில், மறுபடி வாங்கிப் பார்த்தேன்.

சாயம் எங்கேயும் இறங்கவில்லை. பட்டிகளும் மூலைகளும் உறுதியாக இருக்கின்றன. கரிநிற இதழ்களில் வெள்ளைப் பஞ்சிழை எதிர்பார்த்தபடியே கொஞ்சம் தலைகாட்டுகிறது. ஒட்டும் உருளையால் எடுத்துவிடுகிறார்கள்.

பச்சைச் சதுரம் சரியாக நிற்கவில்லை. அடியில் ஒட்டுத்துணி இருந்தும், மேல் இழைகள் இரண்டு இடத்தில் அறுந்து வெள்ளை தெரிகிறது. பல பத்தாண்டு பழைய காட்டன் படுக்கையில் உராய்வதைத் தாங்காது. அம்மா அதன் மேல் மெல்லிய வலைத்துணி போட்டுத் தைத்திருக்கிறார். இனிப் பரவாமல் இருக்கும்.

எதிர்பாராதது வடிவத்தில் வந்த சிக்கல். எல்லா முடிவையும் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் எடுத்தோம். வெட்டுப்பட்ட ரோஜா சுவரில் அற்புதமாக இருந்தது. ஆனால் அவர்களுடைய டபுள் கட்டிலின் மெத்தை 54 அங்குலம். 72 அங்குலப் போர்வையை நடுவாக விரித்தால் இருபுறமும் 9 அங்குலம் தொங்கும். ரோஜாவின் மையப் பட்டி வலது ஓரத்திலிருந்து 12 அங்குலத்தில் தொடங்குகிறது. அதாவது மெத்தையின் விளிம்பிலிருந்து 3 அங்குலத்தில் மையம் வந்துவிட்டது. வலப்பக்கம் மிஞ்சியிருந்த இதழ்களில் முக்கால்வாசி பக்கவாட்டில் வழிந்து, மேலே முழுசாகத் தெரிவது இடப்பக்க இதழ்கள் மட்டும். மகள் தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்: வலது ஓரத்தை மெத்தை விளிம்போடு நிறுத்தி, மீதி 18 அங்குலத்தையும் இடப்பக்கம் விட்டுவிடுகிறார். அந்தப் பக்கம் சுவர், தெரியாது.

மறுமுறை என்றால்

அண்ணனின் பேத்திக்கு அடுத்த குவில்ட் தொடங்கியிருக்கிறது. இந்தத் தடவை வரைபடத்துக்கு முன்னால் மெத்தையை அளந்தாகிவிட்டது, உயரத்தோடு சேர்த்து. மெத்தையின் மேல் பரப்பைத் தாளில் தனிக் கோடாக வரைந்து, முக்கியமான எதுவும் அந்தக் கோட்டுக்கு வெளியே போகக்கூடாது என்று வைத்திருக்கிறோம். ரோஜா முழுசாக, கட்டம் 5 அங்குலம், நடுப்பட்டியோடு சேர்த்து 41 அங்குலம். 12 அங்குலச் சதுரத்திலிருந்து எட்டு.

மூட்டைத் துணுக்குகள் இனிப் போர்வைக்குள் போகாது. அவற்றில் ஒன்றைக் கடைக்கு எடுத்துப்போய், அதே பச்சையில் புதிய காட்டன் தேடி வாங்கினார் அம்மா. மிச்சத் துணுக்குகளை அமிலமில்லாத தாளில் சுற்றிக் கையுறையோடு வைத்தாயிற்று. பழைய குவில்டின் உறையில், அண்ணன் சொன்ன தீவனக் கடைக் கதையைத் தட்டச்சு செய்து ஒரு பிரதி போட்டிருக்கிறார்கள். கப்பல் கதையும் அதில் ஒரு வரியாக இருக்கிறது: 2022 வரை குடும்பத்தில் இப்படிச் சொல்லப்பட்டது என்று.